மூளையின் ஹார்மோன் கணக்கைப் படித்தவர், கேலிக்கு ஆளானவர்: இந்தியாவின் முதல் சோதனைக்குழாய் குழந்தையை உருவாக்கிய டாக்டர் சுபாஷ் முகர்ஜி யார்?

மன்னார்குடி ராஜகோபாலசுவாமி கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். அங்கே சந்தான கோபாலன் என்று ஒரு சின்ன கிருஷ்ணர் விக்ரகம் உண்டு. குழந்தை வரம் கேட்டு வரும் பெண்கள் அதை மடியில் வாங்கி வைத்து வேண்டிக்கொள்வார்கள். இது தலைமுறை தலைமுறையாக நடக்கிற விஷயம். இப்போது அதே பெண்களில் பலரின் கைப்பையில் இன்னொன்றும் இருக்கும்: கருத்தரிப்பு மையத்தின் ஃபைல். அதற்குள் எஃப்.எஸ்.ஹெச், எல்.ஹெச், எஸ்ட்ராடியால் என்று ரத்தப் பரிசோதனை முடிவுகள், தினமும் போட வேண்டிய ஊசிகளின் பட்டியல், கருவை உறைய வைத்து அடுத்த மாதம் வைக்கலாம் என்ற டாக்டரின் குறிப்பு.

இந்த ஃபைலில் இருக்கிற மூன்று முக்கியமான விஷயங்களை, அதாவது ஊசி போட்டு கருமுட்டைகளை வளர்ப்பது, கருவை உறைய வைப்பது, இன்னொரு மாதச் சுழற்சியில் கருப்பைக்குள் வைப்பது ஆகியவற்றை 1978-லேயே கொல்கத்தாவில் ஒருவர் ஒன்றாகச் செய்து காட்டினார். அவர் பெயர் டாக்டர் சுபாஷ் முகர்ஜி. வங்காளத்தில் முகோபாத்யாய் என்றும் எழுதுவார்கள். அவர் சொன்னது பொய் என்று அரசு அமைத்த குழு அறிக்கை கொடுத்தது. மூன்றே வருடத்தில் அவர் உயிரோடு இல்லை.

அவர் என்ன செய்தார், ஏன் யாரும் நம்பவில்லை? இது புரிய வேண்டும் என்றால் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்.

மாதவிடாயை நடத்துவது கருப்பையா, மூளையா?

பெரும்பாலானோர் கருப்பை என்றுதான் சொல்வார்கள். சினைப்பை என்று சொல்பவர்கள் கொஞ்சம் கிட்டே வந்துவிட்டார்கள். உத்தரவு கிளம்பும் இடம் மூளை.

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு பகுதி. பசி, தாகம், தூக்கம், உடல் சூடு எல்லாவற்றையும் கவனிக்கிற இடம். அங்கே இருக்கிற சில ஆயிரம் நரம்பு செல்கள் மட்டும் ஜி.என்.ஆர்.ஹெச் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. மூளையில் இருக்கும் கோடானுகோடி செல்களோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் ஒருவர் வயதுக்கு வருவதும், மாதவிடாய் வருவதும், விந்தணு உற்பத்தியாவதும் இந்தச் சில ஆயிரம் செல்களின் கையில்தான் இருக்கிறது.

ஜி.என்.ஆர்.ஹெச் நேராக சினைப்பைக்குப் போகாது. பக்கத்திலேயே பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பிக்கு, மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள் வழியாகப் போகும். பிட்யூட்டரி அதை வாங்கிக்கொண்டு எஃப்.எஸ்.ஹெச், எல்.ஹெச் என்ற இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடும். பெண்ணின் உடலில் எஃப்.எஸ்.ஹெச் கருமுட்டைப் பையை வளர்க்கும், எல்.ஹெச் முட்டையை வெளியேற்றும். ஆணின் உடலில் எல்.ஹெச் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்க வைக்கும், எஃப்.எஸ்.ஹெச் விந்தணு உற்பத்திக்குத் துணை நிற்கும்.

டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். மேட்டூரில் திறந்தால்தான் கல்லணைக்குத் தண்ணீர். கல்லணையில் வெண்ணாற்றைத் திறந்தால்தான் நீடாமங்கலம் மூணாறு தலைப்புக்கு வரும். அங்கே பாமணி ஆற்றைத் திறந்தால்தான் மன்னார்குடி பக்கத்து வயலுக்கு. வயலில் நின்றுகொண்டு ஷட்டரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, மேலே என்ன நடக்கிறது என்று பார்க்கணும். ஹைப்போதலாமஸ் மேட்டூர், பிட்யூட்டரி கல்லணை, சினைப்பை வயல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வயல் நிரம்பினால் போதும், அடைங்க என்று லஸ்கருக்குச் சொல்லி அனுப்புவோம் இல்லையா? அதுவும் உடம்பில் உண்டு. சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் ஏற ஏற, அது ரத்தம் வழியாக மூளைக்குப் போய், போதும், குறைத்துக்கொள் என்று சொல்லும். எஃப்.எஸ்.ஹெச் குறையும். அதனால்தான் மாதத்துக்குப் பொதுவாக ஒரே ஒரு முட்டை மட்டும் முழுசாக வளர்கிறது, மற்றவை பாதியில் வாடிவிடுகின்றன.

ஆனால் மாதத்தில் ஒரு முறை இந்தக் கணக்கு தலைகீழாக மாறும். வளர்ந்த முட்டைப் பையிலிருந்து ஈஸ்ட்ரோஜன் உச்சத்துக்குப் போய், சுமார் இரண்டு நாள் அப்படியே நின்றால், மூளை அதைப் போதும் என்று எடுத்துக்கொள்ளாது. முட்டை தயார் என்று எடுத்துக்கொள்ளும். உடனே பிட்யூட்டரி எல்.ஹெச்சை வெள்ளமாகத் திறந்துவிடும். அந்த வெள்ளம் தொடங்கி சுமார் 36 மணி நேரத்தில் முட்டை வெடித்து வெளியே வரும். ஒரே ஹார்மோன் மற்ற நாட்களில் பிரேக், அந்த இரண்டு நாள் மட்டும் ஆக்ஸிலரேட்டர். உடலின் ஹார்மோன் ஏற்பாடுகளில் இவ்வளவு விசித்திரமானது வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஆன காலம் கொஞ்சம் இல்லை. பிட்யூட்டரிதான் தலைமைச் சுரப்பி என்று ரொம்ப நாள் நம்பினார்கள். பிரிட்டனைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹாரிஸ், எலிகளின் பிட்யூட்டரியை எடுத்து மூளையில் வேறு இடத்தில் வைத்துப் பார்த்தார். வேலை செய்யவில்லை. ஹைப்போதலாமஸின் அடியில் அதன் ரத்தக் குழாயோடு சேரும்படி வைத்தார். திரும்ப வேலை செய்தது. அதாவது தலைமை மேலே இருக்கிறது. அந்தத் தலைமை அனுப்பும் ரசாயனத்தைப் பிரித்தெடுக்க அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஷாலியும் ரோஜர் கில்லெமினும் லட்சக்கணக்கான பன்றி, ஆடுகளின் ஹைப்போதலாமஸை அரைத்து வருடக்கணக்கில் போட்டி போட்டார்கள். 1971-ல் ஜி.என்.ஆர்.ஹெச்சின் அமைப்பு தெரிந்தது. 1977-ல் இருவருக்கும் நோபல் பரிசு. ரத்தத்தில் துளியூண்டு இருக்கும் ஹார்மோனையும் அளக்கும் முறையைக் கண்டுபிடித்த ரோஸலின் யாலோவுக்கும் அதே வருடம், அதே பரிசில் பங்கு.

சுபாஷ் முகர்ஜி வேலை செய்த காலம் இதுதான்.

ஹசாரிபாக் டூ எடின்பரோ

1931 ஜனவரி 16-ல் ஹசாரிபாக்கில் பிறந்தவர் முகர்ஜி. இன்றைக்கு அது ஜார்க்கண்டில் இருக்கிறது. கல்கத்தா நேஷனல் மெடிக்கல் காலேஜில் 1955-ல் எம்.பி.பி.எஸ் முடித்தார். அந்தக் காலத்தில் டாக்டர் பட்டம் வாங்கியதும் கிளினிக் போர்டு மாட்டுவதுதான் வழக்கம். இவர் ஆராய்ச்சிக்குப் போனார். கர்ப்ப காலத்தில் உடலில் நடக்கும் உயிர்வேதி மாற்றங்கள் பற்றி ஆராய்ந்து, 1958-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி.

அதோடு நிற்கவில்லை. ஸ்காட்லாந்து போய் எடின்பரோவில் ஜான் லோரெய்ன் என்ற ஹார்மோன் ஆராய்ச்சியாளரிடம் சேர்ந்தார். அங்கே அவர் எடுத்துக்கொண்ட வேலை, எல்.ஹெச்சை அளப்பது. மேலே சொன்ன அதே வெள்ளம். அதைத் துல்லியமாக அளக்கத் தெரிந்தால்தான் ஒரு பெண்ணின் உடலில் முட்டை எப்போது வெளிவரும் என்று சொல்ல முடியும். அப்போது இன்றைக்கு மாதிரி லேபில் ரத்தம் கொடுத்து மாலையில் ரிப்போர்ட் வாங்குகிற வசதியெல்லாம் இல்லை. ஹார்மோனை விலங்குக்குச் செலுத்தி, அதன் உறுப்பில் என்ன மாற்றம் வருகிறது என்று பார்த்துத்தான் அளவைக் கணக்கிட வேண்டும். அந்த அளவீட்டு முறையைக் கூர்மையாக்கியதுதான் அவருடைய இரண்டாவது பிஎச்.டி. 1967-ல் முடித்தார்.

அங்கேயே தங்கியிருக்கலாம். அவர் ஊருக்குத் திரும்பினார். கொல்கத்தா என்.ஆர்.எஸ் மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பாடம் எடுத்தார். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்: அவர் மகப்பேறு மருத்துவத் துறைப் பேராசிரியர் இல்லை, உடலியங்கியல் பேராசிரியர். பின்னால் அவர் மேல் வந்த கோபத்தில் இதற்கும் ஒரு பங்கு இருக்கும் என்பது என் கணிப்பு. நம்ம டிபார்ட்மென்ட் வேலையை அவர் ஏன் செய்கிறார் என்கிற கோபம் எந்த ஆபீஸில்தான் இல்லை?

இங்கிலாந்தில் காத்திருந்தார்கள், கொல்கத்தாவில் காத்திருக்கவில்லை

1978 ஜூலை 25. இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தார். உலகின் முதல் சோதனைக்குழாய் குழந்தை. ராபர்ட் எட்வர்ட்ஸ், பேட்ரிக் ஸ்டெப்டோ இருவரும் சேர்ந்து செய்தது.

அவர்கள் முதலில் ஹார்மோன் ஊசி போட்டு நிறைய முட்டைகளை வளர்க்கத்தான் பார்த்தார்கள். முட்டை கிடைத்தது, கருவும் உருவானது, ஆனால் கர்ப்பம் நிற்கவில்லை. ஊசியால் பெண்ணின் ஹார்மோன் நிலை மாறிப்போய், கருவைத் தாங்கும் அளவுக்குக் கருப்பை தயாராகவில்லை என்று புரிந்தது. அதனால் ஊசியே வேண்டாம் என்று விட்டுவிட்டு, உடல் இயற்கையாக வளர்க்கும் ஒரே ஒரு முட்டையை எடுக்க முடிவு செய்தார்கள். அதற்கு மூளையின் எல்.ஹெச் வெள்ளம் எப்போது வரும் என்று தெரியணும். சில மணி நேரத்துக்கு ஒரு முறை சிறுநீரைச் சோதித்துக்கொண்டு, வெள்ளம் தெரிந்ததும் ராத்திரியோ பகலோ ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடினார்கள். மூளை சொல்லும் வரை காத்திருந்தார்கள் என்று சொல்லலாம்.

முகர்ஜி வேறு வழியில் போனார். அவரிடம் வந்த பெண்ணுக்குக் கருக்குழாய்கள் பாதிக்கப்பட்டிருந்தன. மூளை சரி, சினைப்பை சரி, கருப்பையும் சரி, நடுவில் வாய்க்கால் மட்டும் அடைத்திருக்கிறது. அவர் மூளையின் உத்தரவுக்காகக் காத்திருக்காமல், பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோனையே ஊசியாகக் கொடுத்தார். ஹெச்.எம்.ஜி என்பது அந்த மருந்து. எஃப்.எஸ்.ஹெச், எல்.ஹெச் இரண்டும் அதில் இருக்கும். ஒரு முட்டைக்குப் பதிலாகப் பல முட்டைகள் வளர்ந்தன.

இந்த மருந்தின் கதையே தனி. மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து இது எடுக்கப்பட்டது. ஏன் அவர்கள்? சினைப்பை ஓய்வு பெற்றுவிட்டது. கீழேயிருந்து போதும் என்று சொல்ல ஆள் இல்லை. மூளையோ பதில் வரவில்லையே என்று இன்னும் சத்தமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். எஃப்.எஸ்.ஹெச்சும் எல்.ஹெச்சும் ஏறி, மிச்சம் சிறுநீரில் வெளியேறும். இத்தாலியில் ஒரு மருந்து நிறுவனம் கன்னியாஸ்திரி மடங்களில் இருந்த வயதான சகோதரிகளின் சிறுநீரைச் சேகரித்து இந்த மருந்தைத் தயாரித்தது. குழந்தையே வேண்டாம் என்று துறவு பூண்டவர்களிடமிருந்து வந்த மருந்தால் 1962-ல் இஸ்ரேலில் முதல் குழந்தை பிறந்தது. மூளையின் கூப்பாட்டைப் பாட்டிலில் அடைத்து விற்றார்கள் என்றால் தப்பில்லை.

சரி, ஊசி போட்டால் கருப்பை தயாராகாது என்பதுதானே எட்வர்ட்ஸும் ஸ்டெப்டோவும் முட்டிக்கொண்ட சுவர்? முகர்ஜி அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு போனார். முட்டைகளை எடுத்து, வெளியே கருவாக்கி, அந்த மாதமே உள்ளே வைக்காமல் உறைய வைத்துவிட்டார். பெண்ணின் உடல் ஊசியின் பாதிப்பிலிருந்து மீண்டு, அவருடைய மூளை மறுபடி தன் வழக்கமான கணக்குக்குத் திரும்பட்டும் என்று விட்டார். 53 நாள் கழித்து, இயற்கையான சுழற்சியில் கருப்பை தயாரான சமயம் பார்த்து, கருவை உருக்கி உள்ளே வைத்தார்.

முட்டை வளரும்போது மூளையை ஒதுக்கி வைத்தார். கரு ஒட்டும்போது மூளையிடமே பொறுப்பைத் திருப்பிக் கொடுத்தார். எல்.ஹெச்சோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டிய ஒருவருக்குத்தான் இப்படித் தோன்றியிருக்கும்.

இதில் அவர் தனியாள் இல்லை. உறைய வைக்கும் வேலைக்கு ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுனித் முகர்ஜி. அவர் உணவுத் தொழில்நுட்பத் துறைக்காரர், குளிர்நிலை ஆய்வு தெரிந்தவர். அறுவை சிகிச்சைக்கு மகப்பேறு மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யா. ஸ்டெப்டோ வயிற்றில் லேப்ராஸ்கோப் வைத்து முட்டை எடுத்தார். இவர்கள் பிறப்புறுப்பு வழியாக எடுத்தார்கள். இன்றைக்கு ஸ்கேன் உதவியோடு உலகம் முழுக்க முட்டை எடுப்பதும் அந்தப் பாதையில்தான். உறைந்த கருவைக் காப்பாற்ற டி.எம்.எஸ்.ஓ என்ற ரசாயனம். இல்லாவிட்டால் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் ஐஸ் ஊசிகளாகி செல்லைக் கிழித்துவிடும்.

1978 அக்டோபர் 3. துர்கா பூஜை நேரம். கொல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. லூயிஸ் பிரவுன் பிறந்து சரியாக 70 நாள். குழந்தைக்கு துர்கா என்று பெயர் சொன்னார்கள்.

பாராட்டு வரவில்லை, குழு வந்தது

செய்தி பேப்பரிலும் டிவியிலும் வந்தது. வந்த கையோடு சந்தேகமும் வந்தது. பெரிய ஆஸ்பத்திரி இல்லை, விலையுயர்ந்த கருவிகள் இல்லை, மாநில அரசுக் கல்லூரி வாத்தியார் ஒருவர் இங்கிலாந்துக்காரர்களுக்குச் சமமாகச் செய்துவிட்டாரா? அதுவும் அவர்கள் கைவிட்ட வழியில்?

நியாயமாகப் பார்த்தால் சந்தேகப்பட்டதில் தப்பு இல்லை. முகர்ஜி தன் முறையை முழுசாக ஒரு சர்வதேச மருத்துவ இதழில் எழுதியிருக்கவில்லை. இந்தியக் குளிர்நிலை ஆய்வு இதழ் ஒன்றில் சின்னக் குறிப்பு வந்தது, அவ்வளவுதான். குழந்தையின் குடும்பமும் பெயர் வெளியே வருவதை விரும்பவில்லை. கல்யாணம், சொந்தம், ஊர் வாய் எல்லாம் யோசிக்கிற குடும்பம், அந்தக் காலம் வேறு. ஆதாரம் காட்ட வேண்டிய இடத்தில் குழந்தையைக் கொண்டுபோய் நிறுத்த முடியாத நிலை.

ஆனால் சந்தேகம் வந்தால் சோதிக்கணும். சோதிக்கத் தெரிந்தவர்களை வைத்துச் சோதிக்கணும். 1978 நவம்பரில் மேற்கு வங்க அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் ரேடியோ இயற்பியல் துறையைச் சேர்ந்தவர். உடலுக்கு வெளியே கருத்தரிக்க வைப்பதில் நேரடி அனுபவம் உள்ளவர் ஒருவர்கூட அதில் இல்லை. அந்தக் குழு முகர்ஜியை உட்கார வைத்துக் கேள்வி கேட்டது. முடிவில் அவர் சொன்னது நம்பத்தக்கது இல்லை என்று எழுதிக் கொடுத்தது.

1979-ல் ஜப்பானின் கியோட்டோவிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது, உங்கள் ஆய்வை வந்து விளக்குங்கள் என்று. அரசு ஊழியர் என்பதால் அனுமதி வேண்டும். கொடுக்கவில்லை. அவர் வேலையைப் புரிந்துகொள்ளக்கூடிய ஆட்கள் இருந்த ஒரே அவைக்கு அவர் போகவே இல்லை.

அந்தச் சமயம் அவர் பாங்குரா மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்துவந்தார். கொல்கத்தாவிலிருந்து அது எட்டாக் கை. ஆராய்ச்சியைத் தொடர ஆய்வகமும் இல்லை, ஆதரவும் இல்லை. மாரடைப்பும் வந்தது. 1981 ஜூனில் மறுபடி மாற்றல். இந்த முறை கொல்கத்தாவுக்குத்தான், ஆனால் கண் மருத்துவ நிறுவனத்துக்கு! கருத்தரிப்பு ஹார்மோன்களுக்கு வாழ்க்கையைக் கொடுத்த மனுஷனைக் கண் ஆஸ்பத்திரியில் போட்டார்கள்.

1981 ஜூன் 19-ல் முகர்ஜி தன் வீட்டில் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 50. மனைவி நமிதா பள்ளி ஆசிரியை. அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை.

(மன அழுத்தமோ தற்கொலை எண்ணமோ இருந்தால் பேசுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். தமிழக அரசின் 104, மத்திய அரசின் டெலி மானஸ் 14416 ஆகிய எண்களை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.)

அதே 1981 டிசம்பர் 28-ல் அமெரிக்காவின் முதல் சோதனைக்குழாய் குழந்தை வர்ஜீனியாவில் பிறந்தது. அதற்கு அங்கே பயன்படுத்தியது ஹெச்.எம்.ஜி ஊசி. 1984-ல் ஆஸ்திரேலியாவில், உறைய வைத்த கருவிலிருந்து முதல் குழந்தை என்று உலகம் கொண்டாடியது. இரண்டையும் முகர்ஜி முன்பே செய்திருந்தார். கொண்டாட்டத்தில் அவர் பெயர் இல்லை.

திருச்சிப் பேர் கொண்ட ஒரு விஞ்ஞானி

1986 ஆகஸ்ட் 6-ல் மும்பை கே.இ.எம் மருத்துவமனையில் ஹர்ஷா என்ற பெண் குழந்தை பிறந்தது. டாக்டர் இந்திரா ஹிந்துஜாவும் விஞ்ஞானி டி.சி. ஆனந்த்குமாரும் சேர்ந்து செய்த சாதனை. இந்தியாவின் முதல் சோதனைக்குழாய் குழந்தை என்று அரசே அறிவித்தது. நாம் ஜி.கே புத்தகத்தில் மனப்பாடம் செய்ததும் இதைத்தான்.

இந்த டி.சி. என்பது டிரிச்சினாப்பள்ளி செல்வராஜ். பெயரிலேயே திருச்சியைச் சுமந்தவர். இவருடைய மூலத் துறை என்ன தெரியுமா? மூளைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உள்ள தொடர்பு. 1969-லேயே பிரிட்டனின் பிரான்சிஸ் நோல்ஸுடன் சேர்ந்து, ரீசஸ் குரங்கின் ஹைப்போதலாமஸில் இனப்பெருக்கச் சுழற்சியோடு சேர்ந்து ஏற்படும் மாற்றங்களைப் பற்றி எழுதியவர். பின்னால் மூக்கு வழியாக ஹார்மோனைச் செலுத்திக் கருத்தடை செய்ய முடியுமா என்றும் ஆராய்ந்தார்.

மூக்குக்கும் இனப்பெருக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒரு உபரித் தகவல். அந்தச் சில ஆயிரம் ஜி.என்.ஆர்.ஹெச் செல்கள் கருவில் முதலில் உருவாவது மூக்குப் பகுதியில்தான். அங்கிருந்து நடந்து மூளைக்குப் போகின்றன. சிலருக்கு அந்தப் பயணம் பாதியில் நின்றுவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு வாசனையும் தெரியாது, பருவமடைவதும் இருக்காது. கால்மன் சிண்ட்ரோம் என்று அதற்குப் பெயர்.

ஆனந்த்குமார் 1997-ல் சுபாஷ் முகர்ஜி நினைவுச் சொற்பொழிவுக்காகக் கொல்கத்தா போனார். அங்கே முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகள் அவரிடம் கொடுக்கப்பட்டன. எந்த நாளில் எவ்வளவு ஊசி, எப்போது முட்டை எடுத்தது, எப்படி உறைய வைத்தது எல்லாம் அதில் இருந்தது. சுனித் முகர்ஜியிடமும் பேசினார். படித்தது மூளை ஹார்மோன் தெரிந்த ஒருவர். அந்தக் காகிதங்களில் இருப்பது கதையா, செய்து பார்த்தவர் எழுதியதா என்று அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

அதே 1997-ல் கரண்ட் சயின்ஸ் இதழில் கட்டுரை எழுதினார். இந்தியாவின் முதல் சோதனைக்குழாய் குழந்தையை உருவாக்கியவர் முகர்ஜி, தாங்கள் இல்லை என்று. தன் பெயருக்கு இருந்த பட்டத்தைத் தானே கழற்றி, செத்துப் போய் 16 வருடம் ஆன, அதற்காகத் தன்னிடம் வந்து கேட்கவே முடியாத ஒருவருக்குக் கொடுத்தார். சுபாஷ் முகர்ஜியின் வாழ்க்கையைப் படிக்கும்போது கோபம் வருவது சகஜம். இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் மூச்சு விடலாம்.

இன்றைய ஊசிகளுக்கும் 1978-க்கும் என்ன தொடர்பு?

அதே 1978-ல் அமெரிக்காவில் எர்ன்ஸ்ட் நோபில் குழு குரங்குகளில் ஒன்றைக் கண்டுபிடித்தது. ஹைப்போதலாமஸ் வேலை செய்யாத குரங்குக்கு ஜி.என்.ஆர்.ஹெச்சைத் தொடர்ந்து ஏற்றினால் எல்.ஹெச்சும் எஃப்.எஸ்.ஹெச்சும் வற்றிப் போகின்றன. மணிக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் நன்றாகச் சுரக்கின்றன.

நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் என்பார்கள் இல்லையா, அதேதான். எப்போதும் தண்ணீர் நின்றால் வேர் அழுகும். விட்டு விட்டுப் பாய்ந்தால் தூர் கட்டும். பிட்யூட்டரிக்கும் உத்தரவு விட்டு விட்டு வரணும். இடைவெளி குறைந்தால் எல்.ஹெச்சுக்குச் சாதகம், கூடினால் எஃப்.எஸ்.ஹெச்சுக்குச் சாதகம். ஒரே ஹார்மோனின் தாளத்தை மாற்றி இரண்டு வேலை வாங்குகிறது மூளை.

இந்தக் கண்டுபிடிப்பு கருத்தரிப்பு மையத்துக்கு நேராக வந்து சேர்ந்தது. ஊசி போட்டுப் பல முட்டைகளை வளர்க்கும்போது ஈஸ்ட்ரோஜன் எகிறும். மூளை ஏமாந்து எல்.ஹெச் வெள்ளத்தை முன்கூட்டியே திறந்துவிட்டால், எடுப்பதற்கு முன்பே முட்டைகள் வெடித்துப் போகும். அதைத் தடுக்க, ஜி.என்.ஆர்.ஹெச் போன்ற ஒரு மருந்தை விடாமல் கொடுத்து பிட்யூட்டரியை மரத்துப்போக வைக்கிறார்கள், அல்லது நேரடியாகத் தடுக்கும் மருந்து கொடுக்கிறார்கள். முட்டைகள் பக்குவம் ஆனதும் எல்.ஹெச் வெள்ளத்துக்குப் பதிலாக இன்னொரு ஊசி. அதைத்தான் ட்ரிகர் ஊசி என்கிறார்கள். குறித்த மணிக்குப் போடச் சொல்லி டாக்டர் கறாராக நிற்பதும் அந்த 36 மணி நேரக் கணக்குக்காகத்தான். பல சமயம் கருவை அந்த மாதம் வைக்காமல் உறைய வைத்துவிட்டு அடுத்த சுழற்சிக்கு வரச் சொல்கிறார்கள். முகர்ஜி 53 நாள் காத்திருந்ததற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான்.

இன்னொன்றும் சொல்லணும். நம் ஊரில் குழந்தை இல்லை என்றால் முதலில் டெஸ்டுக்குப் போவது பெண்தான். ஆணின் மூளையிலும் இதே ஹைப்போதலாமஸ், இதே பிட்யூட்டரி. ஜிம்மில் உடம்பு ஏற்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிற தம்பிகள் கவனிக்கணும். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் மூளை, அதான் நிறைய இருக்கே என்று எல்.ஹெச், எஃப்.எஸ்.ஹெச் இரண்டையும் நிறுத்திவிடும். விந்தணு எண்ணிக்கை விழும், சிலருக்குப் பூஜ்யத்துக்கே போகும். உடம்பு பெருக்கும், விதைப்பை சுருங்கும்.

கடுமையான பட்டினி, அளவுக்கு மிஞ்சிய உடற்பயிற்சி, தாங்க முடியாத மன அழுத்தம் ஆகியவையும் ஹைப்போதலாமஸின் தாளத்தை நிறுத்தக்கூடும். சாப்பாட்டுக்கே வழியில்லாதபோது குழந்தை எதற்கு என்று உடம்பு முடிவெடுக்கிற மாதிரி. மாதக்கணக்கில் மாதவிடாய் வரவில்லை என்றால் கருப்பையை மட்டும் ஸ்கேன் செய்து நிறுத்தாமல், ஹார்மோன் அளவையும் பாருங்கள் என்று டாக்டர்கள் சொல்வது அதனால்தான்.

துர்கா எங்கே?

முகர்ஜியின் கதையை ஒட்டி ரமாபத சௌத்ரி வங்காளத்தில் நாவல் எழுதினார். அதை வைத்து தபன் சின்ஹா 1990-ல் ஏக் டாக்டர் கி மௌத் என்று இந்திப் படம் எடுத்தார். பங்கஜ் கபூரும் ஷபானா ஆஸ்மியும் நடித்தார்கள். படத்தில் டாக்டர் கண்டுபிடிப்பது தொழுநோய்க்குத் தடுப்பூசி. சோதனைக்குழாய் குழந்தை என்றே வைத்திருக்கலாம் என்று தோன்றுகிறது. 1990-ல் அதே வருடம் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய் குழந்தையை உருவாக்கிவிட்டார். ஊரெல்லாம் அதைத்தான் பேசினார்கள்.

துர்காவின் நிஜப் பெயர் கனுப்ரியா அகர்வால். 25-வது பிறந்தநாளில், 2003-ல், தான்தான் அந்தக் குழந்தை என்று வெளியே வந்து சொன்னார். தன்னைப் பிறக்க வைத்த டாக்டர் நிரூபிக்க முடியாமல் போனதை நிரூபித்தது அந்தப் பெண் நின்ற நிலைதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் முகர்ஜியின் பணியை அங்கீகரித்தது.

மூளையின் இந்தக் கதையிலும் 2003-ல் ஒரு திருப்பம். ஜி.என்.ஆர்.ஹெச் செல்களுக்கே மேலே இருந்து உத்தரவு போடுவது கிஸ்பெப்டின் என்ற இன்னொரு புரதம் என்று அந்த வருடம் தெரியவந்தது. அதை ஏற்கும் மரபணுவில் கோளாறு இருந்தவர்கள் பருவமடையவே இல்லை. பெயரைப் பார்த்து முத்தம் என்று நினைக்க வேண்டாம். அந்த மரபணுவைக் கண்டுபிடித்த ஊர் அமெரிக்காவின் ஹெர்ஷி. அங்கே தயாராகும் சாக்லேட்டின் பெயரை வைத்துவிட்டார்கள். மேட்டூருக்கும் மேலே ஒரு அணை இருப்பது டெல்டாவுக்கு எப்போதோ தெரியும், விஞ்ஞானிகளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆனந்த்குமார் 2010 ஜனவரியில் பெங்களூருவில் காலமானார். அதே வருடம் அக்டோபரில், சோதனைக்குழாய் கருத்தரிப்பு முறைக்கான மருத்துவ நோபல் பரிசு ராபர்ட் எட்வர்ட்ஸுக்கு அறிவிக்கப்பட்டது. கூட்டாளி ஸ்டெப்டோ 1988-லேயே இறந்துவிட்டதால் அவருக்குக் கிடைக்கவில்லை. சுபாஷ் முகர்ஜி இறந்து அப்போது 29 வருடம் ஆகியிருந்தது.